கும்பிடுற ஆள்

மந்திரி வருகிறார் என்று பெரிய ஆபீஸ் வளாகத்தைக் கூட்டிப் பெருக்கி, வேப்பமரத்தடியில் கிடந்த கல், ஓட்டாஞ்சில்லு, அரைச்செங்கல், அறுந்த செருப்பு என்று ஒன்று விடாமல் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்ட திங்கட்கிழமையன்றுதான் பஞ்சவர்ணம், வரிசையில் இடம் போட வேறொன்றும் கிடைக்காமல், பைக்குள் கையை விட்டு, பஸ்ராவிலிருந்து புருஷனின் துணிமணியோடு வந்து சேர்ந்த அந்தச் சிலையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

எங்கள் ஊரில் விடிகிற நேரத்தில் வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, கற்கள்தான் நிற்கும். திங்கட்கிழமை மனு நாள் என்றால் முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கல்லையோ செருப்பையோ வரிசையில் போட்டுவிட்டு, சிக்கந்தர் டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வோம். "அந்த அரைச்செங்கல் யாரு?" என்று ஒருவர் கேட்பார். "நாந்தேன்," என்பார் இன்னொருவர். "அப்ப இந்த ஒத்தச் செருப்பு?" "மேட்டுப்பட்டிக்காரரு. மாத்திரை போடத் தண்ணி வாங்கப் போயிருக்காரு." வரப்புக்காகச் சொந்த அண்ணனை வெட்டப் போகிறவன்கூட அடுத்தவன் கல்லை ஒரு விரற்கடை நகர்த்தமாட்டான். வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வருகிற எங்களைப் போன்றவர்கள் முதலில் இதைப் பார்த்துச் சிரிப்போம், அப்புறம் நாங்களும் ஒரு கல்லோடு வருவோம். ஆனால் கல்லின் மரியாதை ஆபீஸ் கதவு திறக்கும்வரைதான். கதவு திறந்ததும் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஆள் நிற்க வேண்டும், வெயில் உச்சிக்கு ஏறி, நிழல் காலடிக்குள் சுருங்கி, மறுபடி நீள்கிறவரைக்கும் நிற்க வேண்டும், நின்றபின் "அடுத்த வாரம் வாங்க" என்பதைக் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும்.

பஞ்சவர்ணம் நின்றது புருஷனின் உடம்புக்காக. சேவுகப்பெருமாள் ஈராக்கில், அந்தப் பஸ்ராவில், கட்டட வேலைக்குப் போனவன். சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான் என்று கம்பெனி சொன்னது, கம்பெனியைக் கேட்டால் ஏஜென்டைக் கேள் என்றார்கள், ஏஜென்டைக் கேட்டால் ஆபீசைக் கேள் என்றான், ஆபீசைக் கேட்டால் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். உடம்பு அங்கே ஐஸ் பெட்டியில் கிடந்தது. கிடந்தது என்று சொன்னார்கள், பார்த்தவர் ஒருவரும் இல்லை. முகத்தைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று பஞ்சவர்ணம் சொல்லிவிட்டாள். அதனால் அவளைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதா வேண்டாமா, பூ கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தெருவே தடுமாறியது, தடுமாறிய எரிச்சலை அவள்மேலேயே காட்டியது.

சிலை உள்ளங்கையளவுதான். வெள்ளைக் கல், இடுப்பில் கோழியிறகை அடுக்கினாற்போல் குஞ்சம் வைத்த பாவாடை, நெஞ்சுக்கு முன்னால் ஒரு கையை மறுகை பற்றிக்கொண்டிருந்தது, முகத்தில் பாதி கண். சங்கைச் செதுக்கிப் பதித்து நடுவில் கறுப்பு வைத்த, இமைக்கத் தெரியாத கண். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது என்று சேவுகப்பெருமாள் போனில் பேசி அனுப்பியிருந்தான், அந்தக் குரலை அவள் அழிக்கவில்லை. "இது சாமி இல்ல புள்ள, கும்பிடுற ஆளு. இங்கின அந்தக் காலத்துல வேலவெட்டிக்குப் போறவுக, தனக்குப் பதிலா இப்பிடி ஒரு ஆளச் செஞ்சு கோயில்ல நிப்பாட்டிட்டுப் போயிருவாகளாம். இது பாட்டுக்கு நின்னு கும்பிட்டுக்கிட்டே இருக்குமாம். நம்மூருல நாம கல்லுப் போட மாட்டோமா, அது மாதிரிதேன்." அதற்குப்பின் அவன் சிரித்த சிரிப்பும் அதில் இருந்தது.

அன்றைக்குப் பஞ்சவர்ணம் கரிமூட்டத்திலிருந்து நேராக வந்தவள். சீமைக்கருவேலக் கட்டையை அடுக்கி, மண்ணால் மூடி, உள்ளே புகையவிட்டு, தீ எந்தப் பக்கமும் பிய்த்துக்கொள்ளாமல் காவல் காத்துவிட்டு வந்த உடம்பு, டீயைக் குடித்ததும் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டது. விழித்து ஓடிவந்தபோது வரிசை கலைந்திருந்தது. டவாலி அவள் பேரைக் கூப்பிட்டதும், சூப்பிரண்டு சுந்தரவரதன் குனிந்து தரையிலிருந்த சிலையைப் பார்த்ததும், "உங்க விஷயமா மேலிடத்துக்கு எழுதியிருக்கோம், அடுத்த வாரம் வாங்க" என்று அதனிடம் சொன்னதும், அது கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டதும் முடிந்துபோயிருந்தன. யாருக்கும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை. பஞ்சவர்ணம் சிலையை எடுத்தாள். அதன் கால் இரண்டும் வீங்கியிருந்தன. தன் காலைக் குனிந்து பார்த்தாள். நின்று நின்று பூசணிப்பிஞ்சு போல உப்பிக் கிடந்த அவளுடைய கணுக்கால் எலும்பு தெரிய வற்றி, கொலுசு கழன்று விழுகிற மாதிரி இருந்தது.

"யாத்தே, வாங்கிக்கிருச்சு," என்றாள் பக்கத்தில் நின்ற முதியோர் பென்ஷன்காரி ஒருத்தி, இட்லி வெந்துவிட்டது என்கிற குரலில். "அப்பிடியே என் முட்டியவும் கொஞ்சம் வாங்கிக்கிறச் சொல்லு தாயி."

அடுத்த திங்கட்கிழமை அவள் முட்டிவலியை அது வாங்கிக்கொண்டது. அதற்கடுத்து பட்டாவுக்கு அலைந்தவரின் இடுப்புப் பிடிப்பை, வீட்டுமனைக்கு மனுக் கொடுத்தவரின் தலைக்கிறுகிறுப்பை, ஆற்று மணலை அள்ளாதே என்று எழுதிக் கொடுத்து அடிவாங்கிய வாத்தியாரின் தோள்பட்டையை. தொட்டுச் சொன்னால் போதும், உங்களுக்குப் பதில் அது நிற்கும். பிறகு ரேஷன் கடைக்கு அதைத் தூக்கிப் போனார்கள், ஆஸ்பத்திரி ஓ.பி. வரிசைக்குத் தூக்கிப் போனார்கள். கொஞ்ச நாளில் தூக்கிப் போவதும் தேவைப்படவில்லை, வேப்பமரத்தடியில் இருந்தபடியே அது எல்லா வரிசையிலும் நின்றது. நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம். பஞ்சவர்ணமும் கரிமூட்டத்துக்கு ஒழுங்காகப் போனாள், ஒழுங்காகத் தூங்கினாள், தாலியை முந்தானையால் மூடிக்கொண்டு ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

வலியோடு சேர்ந்து இன்னொன்றும் போய்க்கொண்டிருந்ததை முதலில் கண்டுபிடித்தவர் சிக்கந்தர். "வர வர டீயில தண்ணிதேன் ஊத்துறேன், வேணும்னே ஊத்திப் பாக்குறேன். ஒரு பய திட்ட மாட்டேங்கிறானே. எனக்குப் பயமா இருக்குப்பா," என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "இருக்கட்டும் பாய், சூடா இருக்குல்ல," என்று குடித்துவிட்டுப் போனோம். பஸ் வராவிட்டால் நடந்தோம், தண்ணீர் வராவிட்டால் குளிக்காமல் இருந்தோம், ஆற்றில் லாரிகள் இறங்கியபோது ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம். எங்கள் வயிற்றுக்குள் தலைமுறை தலைமுறையாக அணையாமல் கனன்றுகொண்டிருந்த ஒன்று கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, கல் அதைத் தின்று வளர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கையளவு இருந்தது முழங்கால் உயரமாயிற்று, பிறகு இடுப்பளவு. வெயில்காலத்தில் நுங்கு வருவது போல இதுவும் வருகிறது என்று இருந்தோம்.

ஆபீசுக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது. பிடிக்காதா? கத்தாத, மண்ணெண்ணெயை ஊற்றிக்கொள்ளாத, வாசலில் படுத்துப் புரளாத, என்ன சொன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை விரித்துக் கேட்கிற இப்படி ஒரு ஜனத்துக்காகத்தானே அந்தக் கட்டடத்தையே கட்டியிருந்தார்கள். சுந்தரவரதன் அதற்குத் தகரக் கொட்டகை போடச் சொன்னார். கவுன்சிலர் தவமணி மாலையோடு வந்து, பால் ஊற்றி, சந்தனம் அப்பி, பட்டுத் துண்டு கட்டி, முன்னால் ஓர் உண்டியலையும் வைத்து, காத்துநின்ற ஐயா என்று பேரும் வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஊர் அதைக் கும்பிட ஆரம்பித்தது. அது எங்களைப் பார்த்துக் கும்பிட்டது, நாங்கள் அதைப் பார்த்துக் கும்பிட்டோம், சுந்தரவரதனும் ஆபீசுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பஞ்சவர்ணம் ஒருத்திதான் சொன்னாள். "இது சாமி இல்லண்ணே. கும்பிடுற ஆளு. கும்பிடுறவனவே எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு நின்னா, குடுக்கிறவன் எங்கண்ணே?"

"நல்லாக் கேட்ட," என்றார் தவமணி. "இந்தா, விபூதி எடுத்துக்க."

எடுத்துக்கொண்டாள். இதற்குக் கோபம் வர வேண்டுமே என்று அவளுக்கே பட்டது. உள்ளே தேடிப் பார்த்தாள், கோபம் வரவேண்டிய இடத்தில் கொட்டாவி வந்தது.

சிலை ஆளுயரம் வந்ததும் வளர்வதை நிறுத்திக்கொண்டது. சேவுகப்பெருமாளின் அண்ணன் ராக்கப்பன் ஒருநாள் அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்தார், அதன் தோள் அவர் காதுக்கு வந்தது. தம்பியோடு நின்று எடுத்த எல்லாப் போட்டோவிலும் தம்பியின் தோள் அவர் காதுக்குத்தான் வரும். அவர் உட்கார்ந்து அழுதார். அழுததைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சுந்தரவரதனுக்கு, பல மாதமாகத் தலையிலிருந்து இறங்காத ஒரு கேஸை இறக்கிவைக்க வழி தெரிந்துவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. ராக்கப்பனை உள்ளே கூப்பிட்டு நாற்காலி கொடுத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்துத்தான் பேசினார். "அங்கேருந்து உடம்பு வர்றது கஷ்டங்க. ஆனா இது அந்த மண்ணுலேருந்து, அவர் பையிலேயே வந்தது. அவர் உயரத்துக்கே நிக்குது. இதையே உடம்பா நெனச்சு அடக்கம் பண்ணிட்டு, பெற்றுக்கொண்டேன்னு அந்தம்மா ஒரு கையெழுத்துப் போட்டா, கேஸ் முடிஞ்சிரும். அவங்களுக்கும் ஒரு நிம்மதி. என்ன சொல்றீங்க?"

ராக்கப்பன் ஊரைக் கூட்டிச் சொன்னார். ஊருக்கு அது நியாயமாகப் பட்டது. ஐயாவைப் புதைத்தால் கொட்டகை என்னாவது என்று தவமணி மட்டும் கொஞ்சம் யோசித்தார், சமாதி என்றால் இன்னும் கூட்டம் வரும் என்று யாரோ சொன்னதும் சரி என்றுவிட்டார்.

"அத்தான், அது உங்க தம்பி இல்ல," என்றாள் பஞ்சவர்ணம்.

"யாரு இல்லைன்னா? உனக்குப் பதிலா அது அங்கின நின்னுச்சுல்ல, நீ விட்டேல்ல? அவனுக்குப் பதிலா அது இங்கின படுக்கக் கூடாதா?"

அவள் தன் கணுக்காலைக் குனிந்து பார்த்தாள். நாங்கள் எல்லோரும் நிற்கவிட்டவர்கள்தாமே. வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை எடுத்துவிடலாம் என்று பேசி முடித்தோம். செத்தவனே ஊரில் இல்லாதபோது சனிப்பிணம் துணை தேடாது என்றும் சொல்லிக்கொண்டோம். பாடை கட்டச் சொல்லியாயிற்று, மேளத்துக்குச் சொல்லியாயிற்று. தாலி வாங்க நாத்தனார் வந்து, கண்ணாடி வளையலையும் பூவையும் அவளுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பஞ்சவர்ணம் எழுந்து, "மூட்டம் பிரிக்கணும், பிரிச்சிட்டு வந்துர்றேன்," என்று கரிமூட்டத்துக்குப் போனாள். போகவிட்டோம். வருவாள் என்று தெரியும், அவள் வேறெங்கே போவாள்.

மூட்டத்தைப் பிரிக்கும்போது உள்ளே தீ செத்துவிட்டதா என்று புறங்கையை மண்ணுக்கருகில் வைத்துப் பார்ப்பார்கள். அவள் வைத்துப் பார்க்க மறந்துவிட்டாள், அல்லது சுடுகிறதா இல்லையா என்று கவலைப்படுகிற சுபாவமே அவளை விட்டுப் போயிருந்தது. மண்வெட்டியைப் போட்டதும் அடியில் ஒளிந்திருந்த தீ சீறிக்கொண்டு வெளியே வந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நக்கிவிட்டுப் போனது. அவள் அலறினாள். அந்த அலறல் அவளுக்கே புதிதாக இருந்தது. இந்த வலியைத் தொட்டுச் சொல்லி இன்னும் யாரிடமும் கொடுத்திருக்கவில்லை, இது அவளுடையதாகவே இருந்தது, முழுசாக இருந்தது, அதற்குள், மட்டைக்குள் தேங்காய் போல, கோபம் இருந்தது. கையைத் தண்ணீரில் முக்கக்கூட இல்லை. அப்படியே நடந்தாள். நடக்க நடக்க அது வளர்ந்தது.

நாங்கள் சிலையை அவள் வீட்டு வாசலுக்குத் தூக்கிவந்து, பாடையில் மல்லாக்கப் படுக்கவைத்திருந்தோம். கண்ணை மூடத்தான் முடியவில்லை. காசு வைத்தோம், உருண்டது. வெற்றிலை வைத்தோம், காற்றில் பறந்தது. துணியைப் போட்டு மூடினால் துணிக்குள்ளிருந்து பார்ப்பது தெரிந்தது. கரியும் சாம்பலும் அப்பிய முகத்தோடு, தோல் வழன்ற கையைத் தூக்கிப் பிடித்தபடி பஞ்சவர்ணம் வந்து நின்றபோது மேளக்காரர் தானாகவே அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"தள்ளுங்கடா," என்றாள். அவள் எங்களை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

"இந்தாம்மா வர்ணம், நல்லது நடக்குற இடத்துல..." என்று ராக்கப்பன் ஆரம்பித்தார்.

"எது நல்லது? எம் புருசன் ஐசுக்குள்ள கெடக்கான். பேரு தெரியாத ஊருல, மொகம் தெரியாதவன் போட்ட பூட்டுக்குள்ள கெடக்கான். இங்க நீங்க கல்லுக்குக் கோடி போத்துறீக. உங்களுக்குக் கையில காலுல வலி இல்ல, அதான் எவன் பிணம்னாலும் உங்களுக்கு ஒண்ணாத் தெரியுது." அவள் பாடையின் பக்கத்தில் மண்டியிட்டு, சிலையின் கட்டிக்கொண்ட கைகளின்மேல் தன் வெந்த கையை வைத்தாள். "நீ யாருக்கும் பகை இல்ல. உன்னயத் திட்டல. ஆனா எங்கிட்ட வாங்குனத எங்கிட்டக் குடு. எங் காலக் குடு."

அவள் கணுக்கால் எங்கள் கண்முன்னே உப்பியது. கொலுசு இறுகி, தெறித்து அறுந்தது. மாதக்கணக்கில் நிற்காமல் விட்ட நிற்றலெல்லாம் ஒரே மூச்சில் வந்து ஏறியதில் அவள் தள்ளாடி, பாடைக் கழியைப் பிடித்துக்கொண்டு, விழாமல் நின்றாள். பாடையில் கல் ஒரு சாண் குறைந்திருந்தது.

பிறகு முதியோர் பென்ஷன்காரி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். "எம் முட்டியக் குடுப்பா," என்றாள். வாங்கியதும் "ஐயோ, எம்பெருமானே" என்று கத்திவிட்டு, அதே மூச்சில், "நாசமாப் போறவனுக, எத்தன வருசமாடா என் காசத் திங்கிறீக!" என்று ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எங்களுக்கு எதுவோ ஞாபகம் வந்தது. பட்டாக்காரர் இடுப்பைக் கேட்டார், வாத்தியார் தோள்பட்டையைக் கேட்டார். சிக்கந்தர் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து, "எனக்கு என்ன வலின்னு மறந்தே போச்சு, எதுனாலும் குடு," என்றார். முதுகு வந்தது. கூட்டத்திலிருந்து ஒருவன், "தண்ணியையா டீன்னு ஊத்துற, திருட்டுப் பாயி!" என்று கத்த, சிக்கந்தருக்குக் கண் நிறைந்துபோய்விட்டது. ராக்கப்பன் கடைசியாக வந்தார். அவர் தம்பி செத்த சேதி வந்த அன்றைக்கு வந்த நெஞ்சடைப்பைக் கொடுத்திருந்தார். திரும்ப வாங்கியதும் தரையில் உட்கார்ந்து, "அவன் இல்ல, இது அவன் இல்ல," என்று தலையில் அடித்துக்கொண்டார். பஞ்சவர்ணம் அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிங்க அத்தான். அழுகுறதுக்கு அவுக வரட்டும்."

பாடையில் உள்ளங்கையளவு கல் ஒன்று கிடந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊரே நொண்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனதை அன்று கண்டவர்கள் இன்றும் சொல்வார்கள். கம்பை ஊன்றியும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தும், விரித்த விரலால் இடுப்பை அமுக்கிக்கொண்டும், வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டும் போனோம். கல்லை யாரும் போடவில்லை, வரிசையை யாரும் தேடவில்லை. டவாலி தடுப்பதற்குக் கையை நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

சுந்தரவரதன் சனிக்கிழமை என்று மேசையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் அவருக்கு எதிரே நின்றாள். கையைக் கட்டவில்லை, கும்பிடவில்லை. வெந்த கையை மேசைமேல், அவருடைய கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"போன் போடுங்க."

"அம்மா, அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு, இன்னைக்கு லீவு..."

"கம்பெனி நம்பரு உங்ககிட்ட இருக்கு. இத்தன நாளும் எழுதியிருக்கோம் எழுதியிருக்கோம்னீகளே, ஒரு தடவ பேசுனீகளா? பேசுனேன்னு எம் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க, நான் போயிர்றேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கதவிலும் சன்னலிலும் தாழ்வாரத்திலும் நின்ற முகங்களைப் பார்த்தார். போனை எடுத்தார். எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார், ஒரு தடவை தப்பாகப் போட்டு மறுபடி போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னாள், வைத்தார். எங்கேயோ தொலைவில், கடலுக்கும் பாலைவனத்துக்கும் அந்தப் பக்கம், மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கப்பட்டது. முதலில் அரபியில் ஒருவன் பேசினான், பிறகு இங்கிலீஷில் ஒருவன், பிறகு சோர்ந்துபோன ஒரு தமிழ்க் குரல் வந்தது. கேம்ப் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர் போலிருக்கிறது.

"நான் சேவுகப்பெருமாள் பொண்டாட்டி பேசுறேன். அவுக உடம்பு எங்க இருக்கு?"

"அது... பைலைப் பாக்கணும்மா. கொஞ்சம் காத்திருங்க."

"மாட்டேன்," என்றாள் பஞ்சவர்ணம்.

அவளுக்குப் பின்னாலிருந்து முதியோர் பென்ஷன்காரி "மாட்டோம்" என்றாள். வாத்தியார் சொன்னார், ராக்கப்பன் சொன்னார், சிக்கந்தர் சொன்னார், தாழ்வாரம் சொன்னது, வெளியே வெயிலில் நின்றவர்கள் என்ன ஏதென்று தெரியாமலேயே சொன்னார்கள். சன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது.

அதன்பின், போனில் அந்தப் பக்கம், பைலைத் தேட எழுந்தவருடைய நாற்காலி தரையில் இழுபட்டுப் பின்னால் நகரும் சத்தம் கேட்டது.